அம்மாவுக்கு, பிரம்டனிலிருந்து

பிரம்டன், கனடா
30 ஒக்டோபர் 2025

அன்புள்ள அம்மா,

நான் சுகம். நீங்களும் மாமியும் சுகமென்று நம்புகிறேன். போனில் அப்பா காணாமல்போன கதையை எடுத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. களஞ்சியத்தில் இரவு வேலை. பெட்டி கட்டி லேபல் ஒட்டி, விடிய முதல் பஸ்ஸில் வந்து பேஸ்மென்ட் அறையில் படுப்பேன். சம்பளம் பரவாயில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கவலைப்படாதீர்கள்.

மே மாதம் இங்கே சிங்குவாகூசி பூங்காவில் எங்கள் இனப்படுகொலைக்கு நினைவுத்தூபி திறந்தார்கள். கொழும்பு ஆட்சேபித்தும் நகரசபை பின்வாங்கவில்லை. வேலை முடிந்து தூங்காமல் போனேன். 2022இல் கனடா நாடாளுமன்றமே மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முதல் வருடம் ஒன்ராறியோவில் அதைப் பற்றிக் கற்பிக்க ஒரு வாரத்தைச் சட்டமாகவே ஒதுக்கினார்கள். அங்கே என்ன நிலைமை? 2024இல் சம்பூரில், போரின் கடைசி நாட்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைக் கைதுசெய்தார்கள். இங்கே நடு வெயிலில், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, பயமில்லாமல் சனம் நின்றது. எனக்கு உங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

ஆனாலும் அம்மா, அந்தத் தூபியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனதில் ஓடியது நீங்கள் 29 வருடமாகக் கேட்கிற அந்த ஒரு கேள்விதான். அப்பா எங்கே?

என்னோடு வேலை செய்கிற ஒரு அக்கா ருவாண்டாவைச் சேர்ந்தவர். 1994இல் அவருக்குப் பத்து வயது. நூறு நாளுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நாடு அது. கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். பிறகு கச்சாச்சா என்று ஊர் மன்றங்கள் வைத்தார்களாம். ஊர்ச்சனமே நீதிபதி, ஊர் நடுவே புல்தரையில் விசாரணை. அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்பவர் யாரைக் கொன்றேன், உடலை எங்கே போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் தண்டனை குறையும். 2012இல் மூடும்வரை பத்து லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை விசாரித்தார்கள். எல்லாரும் உண்மை பேசவில்லை, பாதியை மறைத்தவர்களும் உண்டு என்று அக்கா சொன்னார். அவருடைய தகப்பனைக் கொன்றவன் மட்டும் ஒரு வாழைத்தோட்டத்தின் மூலையைக் காட்டினானாம். தோண்டி எடுத்து அடக்கம் செய்தார்களாம். "அவனை மன்னித்தீர்களா?" என்று கேட்டேன். "அது வேறு கதை. ஆனால் அதன் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது" என்றார்.

எங்களிடம் நல்லிணக்கம் பேசுகிறவர்கள் முதலில் இதைச் செய்யட்டும். நீங்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்கியிருப்பீர்கள்! எத்தனை ஆணைக்குழுவுக்கு முன்னால் அதே கதையைச் சொல்லியிருப்பீர்கள்! மரணச் சான்றிதழும் இரண்டு லட்சம் ரூபாயும் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது வேண்டாம் என்றீர்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது, வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது சொல்கிறேன், நீங்கள் செய்ததுதான் சரி.

இன்று 30ஆம் திகதி. 1995இல் இதே இரவில்தான் எட்டு மாதப் பிள்ளையான என்னைச் சேலையால் மூடிக்கொண்டு, மழைக்குள், செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்துக்கு நடந்தீர்கள். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் ஊர் திரும்பிய பிறகு, அப்பாவை இராணுவம் சோதனைச் சாவடியில் மறித்து வைத்ததும் அந்தத் தெருவில்தான். 1998இல் பள்ளி மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவ லான்ஸ் கோப்ரல் ஒருவர், 300 முதல் 400 பேர் வரை செம்மணியில் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருடம் தோண்டியபோது எடுத்தது 15 உடல்கள். அத்தோடு விட்டுவிட்டார்கள். இந்த வருடம் சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டப்போய் எலும்பு வெளிப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்துவிட்டன. அங்கே கிடைத்த நீலப் பள்ளிக்கூடப் பையின் படத்தைப் பார்த்துவிட்டு அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

ஓகஸ்டில் அங்கே எடுத்த பொருட்களைப் பார்வைக்கு வைத்தபோது நீங்கள் போனீர்கள், ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் சொன்னீர்கள். நான் மேலே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உங்களுக்கு 61 வயது. அப்பாவின் முகமே எனக்குப் படத்தில்தான் தெரியும். அன்று காலை அவர் உடுத்தியது சாரமா, காற்சட்டையா? சட்டை என்ன நிறம், எந்தத் தையல்காரரிடம் தைத்தது? மணிக்கூடு கட்டியிருந்தாரா? பல் ஏதாவது கட்டியிருந்தாரா? சின்ன வயதில் கை கால் முறிந்ததுண்டா, அது மாமிக்குத் தெரியும், கேளுங்கள். செருப்பின் அளவு என்ன?

ஞாபகம் வருகிறபடி ஒவ்வொன்றாக, உங்கள் கையாலேயே எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றை வழக்கறிஞரிடம் கொடுங்கள், மற்றதை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்