கைரேகையை கோர்ட்டு நம்புன கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைரேகைன்னாலே லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டு ஞாபகம்தான் எல்லாருக்கும் வருது, ஆனா கோர்ட்டு இதை நம்ப ஆரம்பிச்சதுல நம்ம நாட்டுக்குத்தான் பெரிய பங்கு. 1858ல வங்காளத்துல ஹெர்ஷல்னு ஒரு வெள்ளக்கார அதிகாரி, ஒப்பந்தம் போட்டவர் பின்னாடி இது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லிடக் கூடாதுன்னு உள்ளங்கையவே மையில பதிய வச்சார். 1897ல கல்கத்தாவுல கைரேகை பீரோ வந்துச்சு. ஆயிரக்கணக்கான ரேகையில ஒண்ண தேடி எடுக்கணும்னா வகை பிரிச்சு அடுக்கணும்ல, அதுக்கு கணக்கு போட்டுக் குடுத்தவங்க அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு பேரு, ஆனா பேரு ஹென்றி முறைன்னு அவங்க மேலதிகாரி ஹென்றிக்கு போயிடுச்சு, இது எனக்கு இன்னிக்கும் ஆறல.

1898ல வங்காளத்து ஜல்பைகுரியில ஒரு டீ எஸ்டேட் மேனேஜர் கொலைக் கேஸ். பஞ்சாங்கத்துல ரத்தக்கறையோட இருந்த கட்டைவிரல் ரேகை பழைய வேலைக்காரரோடதுன்னு தெரிஞ்சும், கோர்ட்டு திருட்டுக்குத்தான் தண்டனை குடுத்துச்சு, கொலைக்கு அது பத்தாதுன்னு விட்டுடுச்சு. அந்த நிதானம் இப்பவும் வேணும். 2004ல ஸ்பெயின் நாட்டு மேட்ரிட் குண்டுவெடிப்புல அமெரிக்க புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே ரேகையை நம்பி தப்பான ஆளைப் புடிச்சுட்டு மன்னிப்பு கேட்டுச்சு.

எங்க மன்னார்குடி பக்கம் நாத்து நட்டு கதிரறுத்து விரல் தேஞ்சுபோன அம்மாங்க ரேஷன் மெஷின்ல விரலை துடைச்சு துடைச்சு வச்சாலும் ரேகை விழ மாட்டேங்குது. அப்படிப்பட்ட மங்கலான ரேகை கேஸ்ல வந்தா, எந்தெந்த இடம் ஒத்துப்போகுதுன்னு நிபுணர் கோர்ட்டுல காட்டணும், வக்கீலுங்களும் விடாம கேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி