டீச்சர் தேறிவிட்டார்

மாவட்டத் திட்ட அலுவலர்களுக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தபோது வாயைத் திறக்காத கணக்கையெல்லாம் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

ஒரு மாதக் கூட்டத்தில் ஒரு டீச்சரை எழுப்பி நிறுத்தினார்கள். அவருடைய மையத்தில் ஐந்து குழந்தைகள் சிவப்பு, அதாவது வயதுக்கு எடை மிகக் குறைவு; எடை சரியாக இருந்தால் பச்சை. பக்கத்து மையங்களில் ஒன்று, இரண்டு. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. "உங்க சென்டர் மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த மாதம் ஐந்து இரண்டாகிவிட்டது. குழந்தைகள் தேறவில்லை, டீச்சர் தேறிவிட்டார். அந்த அறையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரில் ஒழுங்காக எடை போடுகிற ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவர் எடை போடுவதை ஒரு நாள் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தராசைச் சமமான தரையில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, குழந்தையின் செருப்பு, இடுப்புக்கயிற்றில் தொங்கும் சாவி வரை கழற்றி, அழுகை ஓயும் வரை ஆயாவோடு காத்திருந்து எழுதுவார். ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் ஆகும். இருபத்தைந்து குழந்தைகள், நடுவில் சமையல், முன்பருவக் கல்வி, எடையையெல்லாம் ஏற்ற வேண்டிய போஷன் டிராக்கர் ஆப் என்று இருக்கிற டீச்சருக்குப் போன மாத எடையோடு 200 கிராம் கூட்டி எழுதுவது எவ்வளவு சுலபம்! அப்படி எழுதுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையை எழுதினால் திட்டு, பச்சையை எழுதினால் பாராட்டு என்றால் யாரானாலும் பச்சைதான் எழுதுவார்கள்.

உயரத்திலும் இதே கதைதான். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து. படுக்க வைத்தால் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாகக் காட்டும். பெரிய பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் குள்ளம் கொஞ்சம் காணாமல் போய்விடும். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. உங்கள் வட்டாரக் கணக்கு இதைவிட மிக அழகாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அளவுகோலைப் பாருங்கள்.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன், செலவில்லாதது. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் உள்ள மையங்களின் எடைகளை மொத்தமாக எடுத்து, புள்ளிக்குப் பின் இருக்கும் இலக்கத்தை மட்டும் எண்ணுங்கள். உண்மையில் எடை போட்டிருந்தால் 0 முதல் 9 வரை ஏறக்குறைய ஒரே அளவில் வரும். 0-வும் 5-ம் மட்டும் குவிந்து கிடந்தால் தராசு எங்கோ பீரோவுக்கு மேல் தூங்குகிறது என்று அர்த்தம். உடனே மெமோ எழுத உட்காராதீர்கள். போய்த் தராசு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இந்த எண்கள் உபயோகமானதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒரு மையத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது மூன்று குழந்தைகளுக்கு இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. மூன்று வீடும் ஒரே தெரு. டீச்சர் போய் விசாரித்ததில் மூன்று பேருக்கும் மாறி மாறி வயிற்றுப்போக்கு. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது. சத்துமாவைக் கூட்டிக் கொடுத்து என்ன பயன்? ஊராட்சியில் சொல்லிக் குழாயை மாற்றினோம். அந்தத் தகவல் மாவட்டம் வரை போய் வெறும் சதவீதக் கணக்காகத் திரும்பி வந்திருந்தால் தெரு தெரிந்திருக்காது.

இது புதுப் புத்தியும் இல்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணை உணவு, தேறியதும் நிறுத்தம். எடை போட்ட பெண்மணியிடமே அந்த எண்ணுக்கு வேலை இருந்தது. இன்றைக்கு டீச்சர் போனில் ஏற்றுகிறார், அப்புறம் அது மேலே போகிறது. கீழே என்ன வருகிறது? "என்ட்ரி பாக்கி" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். கூட்டத்தில் சிவப்பு எத்தனை என்று கேட்பதை நிறுத்துங்கள். போன மாதம் சிவப்பாக இருந்த ஒரு குழந்தைக்கு என்ன செய்தோம் என்று கேளுங்கள்: மருத்துவரிடம் போனதா, வீட்டுக்கு யார் போனார்கள், தாய் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். சிவப்பு திடீரென்று கூடிய மையத்துக்கு முதல் ஆளாக நீங்களே போங்கள், கோபத்தோடு இல்லை, தராசோடு. எடை போடும் நாளில் வராத குழந்தைகளின் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போன பிள்ளைகள் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்கள், பெரும்பாலும் அவர்களுக்குத்தான் எடை குறைவு.

அந்த டீச்சர் இன்னும் வேலையில் இருக்கிறார். போன வாரம் சந்தையில் பார்த்தேன். "இப்ப எத்தனை சிவப்பு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "மேடம், ஆப்ல கேக்கறீங்களா, நேர்ல கேக்கறீங்களா?" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்