பிளேடின் கூர் பற்றி மகனுக்கு

தண்டையார்பேட்டை

அன்பு மகன் குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். சென்ற ஞாயிறு பேசியபோது, இருபுறமும் கூருள்ள பிளேடு போடும் பழைய வகை ரேஸர் வாங்கியிருப்பதாகவும், மூன்றாம் நாளே பிளேடு முகத்தைப் பிடித்து இழுப்பதாகவும் சொல்லி, இவ்வளவு மெல்லிய மயிர் எஃகை எப்படி மழுங்கடிக்கும் என்று கேட்டாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகள் உலையடியில் நின்றவனிடம் இதைக் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் முடியாது.

பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அத்தனை மெல்லிய தகட்டைக் கடினப்படுத்தவே முடியாது என்று, மழுங்கினால் மாற்றிப்போடும் பிளேடை யோசித்த அமெரிக்கரான கில்லெட்டிடம் அந்தக் காலத்து உலோகக்காரர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர்தான் அதற்கு வழி கண்டார். 1903-ஆம் ஆண்டில் கில்லெட் கம்பெனி விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே.

இன்றைய பிளேடு சுமார் 13 சதவீதம் குரோமியமும் முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான கரியும் கலந்த எஃகு. உன் அம்மாவின் எவர்சில்வர் குண்டானும் துருப்பிடிக்காத எஃகுதான் என்றாலும், அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகாது. பிளேடு எஃகோ ஆகும். எஃகு மெத்தென்று இருக்கும்போதே, பிளேடாகப் போகும் நீண்ட எஃகு நாடாவில் துளைகளை அடித்துவிடுவார்கள். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உலையில் ஓடவிட்டு, சட்டென்று குளிரவைத்து, உறைநிலைக்கும் வெகு கீழே கொண்டுபோய், கடைசியில் எளிதில் ஒடியாமல் இருக்க மிதமான சூட்டில் வைத்து டெம்பர் செய்வார்கள். இந்தக் கடைசி வேலையின் அருமை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தட்டு ஸ்பிரிங்குகளை டெம்பர் செய்ய மறந்து அனுப்பிவிட்டேன். கண்ணாடி போல் ஒடிந்த துண்டுகளை மேஸ்திரி ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையில் கொட்டினார்.

அதன்பின் நாடாவைப் படிப்படியாகச் சாணை பிடித்து, தோலில் தீட்டுவார்கள். உன் பிளேடு அத்துடன் நின்றிருந்தால் முதல் நாளே உன்னை அழவைத்திருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் குரோமியத்தையோ, பிளாட்டினம் கலந்த குரோமியத்தையோ அணு அணுவாகத் தெறிக்கவிட்டு விளிம்பின் மேல் படியவைக்கிறார்கள். உறையில் ‘பிளாட்டினம்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பது பொய்யில்லை; அதற்காக அடகுக்கடைக்குப் போய் நிற்காதே. அந்தப் படலத்தின் வேலை விளிம்பைத் தாங்குவதும், அதன்மேல் வரும் பூச்சு பிடித்து நிற்க இடம் கொடுப்பதும்தான். மேலே வருவது நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே டெஃப்லான். அதைத் தெளித்து, அது உருகும் 327 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். வெறும் கரி எஃகை அந்தச் சூட்டில் வைத்தால் நீலம் பாய்ந்து, கடினத்தில் ஒரு பகுதி போய்விடும். குரோமியம் கலந்த எஃகு அவ்வளவு இளகாது. 1960-களில் எவர்சில்வர் பிளேடும் இந்தப் பூச்சும் ஜோடியாகப் பரவியதை நினைக்கும்போதெல்லாம் உலைக்காரனான எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மயிர் அந்த எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் தேய்மானம்தான் காரணம் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் மின்னணு நுண்ணோக்கியின் அடியில் மயிரை வெட்டிப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்வதைக் கண்டார்கள். எஃகு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. மயிர் வளைந்து சாய்வாக விளிம்பை அழுத்தும்போது, ஏற்கெனவே நுண்ணிய பிசிர் இருக்கும் இடத்தின் பக்கத்திலிருந்து சில்லு பெயர்கிறது. நிக்கர்சன் படித்ததும் அதே கழகத்தில்தான்.

ஆகவே காய்ந்த தாடியில் கத்தி வைக்காதே. வெந்நீரில் ஊறிய மயிர் எளிதில் அறுபடும். சவரம் முடிந்ததும் பிளேடைத் துண்டால் துடைப்பதாகச் சொன்னாயே, அதை இன்றே நிறுத்து. மயிரின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சை நீயே வழித்தெடுக்கிறாய், விளிம்பையும் மடக்குகிறாய். அலசி, உதறி வைத்தால் போதும்.

தீர்ந்த பிளேடுகளைக் குப்பையில் போடாதே. நான் பழைய பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, அதற்குள் தள்ளிவிடுகிறேன். நம் தெருவில் குப்பை அள்ளும் அம்மாள் ஒருமுறை கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றதிலிருந்து இந்தப் பழக்கம். டப்பா இன்னும் பாதிகூட நிறையவில்லை. பொங்கலுக்கு வரும்போது உன் ரேஸரையும் எடுத்து வா, பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா