தண்ணீரைப் பார்த்து ஊற்று

தம்பிக்கு,

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடியப்போகிறது, காய் மசியல் எப்படிச் செய்வது, எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரே மூச்சில் கேட்டாய். ஃபோனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். அடுப்படியில் ஒட்டி வைத்துக்கொள்.

நாள் கணக்கை மட்டும் பார்க்காதே, பிள்ளையையும் பார். தலை ஆடாமல் நிற்கிறதா, முதுகுக்குச் சற்று முட்டுக்கொடுத்தால் உட்காருகிறாளா, நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையே பார்க்கிறாளா? இதெல்லாம் கூடி வருவது பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே ஆறு மாதம். ஸ்பூன் உதட்டில் பட்டதும் நாக்கு முன்னால் வந்து தள்ளினால், பிடிக்கவில்லை என்று நினைக்காதே. விழுங்க இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். நான்கைந்து நாள் விட்டு மறுபடி கொடுத்துப் பார்.

இனி மசியல். இதில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது தண்ணீரில்தான். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் கரைத்துக் கரைத்துக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஆனால் குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். ஏழரைக் கிலோ பிள்ளைக்கு 225 மில்லி. 100 கிராம் வெந்த கேரட்டில் ஏறக்குறைய 35 கலோரி இருக்கும். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் அந்த 35 கலோரிக்கு 200 மில்லி குடித்தாக வேண்டும். வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. அடுத்த வேளைப் பாலும் குறையும். பதம் பார்க்க ஒரே வழி: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பார். ஓடி ஊற்றினால் தண்ணீர் அதிகம். ஸ்பூனிலேயே நின்று, லேசாகத் தட்டினால் மெதுவாக வழுக்கி விழ வேண்டும். முதல் நான்கைந்து நாள் மட்டும் இதைவிடச் சற்று இளக்கமாக இருக்கலாம்.

கேரட்டில் கை பழகிக்கொள். 250 கிராம் எடுத்து நன்றாகக் கழுவித் தோல் சீவு. இரண்டு முனையையும் வெட்டி எறிந்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கு. எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்கட்டும். ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால் மெல்லியது குழைந்துபோகும்போது தடியானது பாதிதான் வெந்திருக்கும். தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு, துண்டுகளைப் பரப்பிய ஆவித் தட்டை உள்ளே வைத்து மூடி, 12 முதல் 15 நிமிடம் வேகவிடு. முள்கரண்டி உள்ளே இறங்கினால் மட்டும் போதாது. கரண்டியின் முதுகால் அழுத்தும்போது துண்டு தடையில்லாமல் நசுங்க வேண்டும். அரைவேக்காட்டை மிக்ஸியில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நறநறப்பு போகாது. வாயில் மணல் மாதிரி நிற்கும், பிள்ளை துப்பும், அவளுக்குக் கேரட் பிடிக்கவில்லை என்று நீ முடிவுகட்டுவாய்.

வெந்ததைச் சுடச்சுட மிக்ஸியில் போடாதே. மூடிய ஜாரில் ஆவி அழுத்தி மூடியைத் தூக்கி அடிக்கும். வெதுவெதுப்புக்கு ஆறியதும் சின்ன ஜாரில் போட்டு முதலில் தண்ணீர் இல்லாமலே விட்டு விட்டு ஓட்டு. ஓரத்தில் ஏறியதை வழித்து உள்ளே தள்ளு. அதன் பிறகு வெந்த தண்ணீரை ஒரு மேசைக்கரண்டியாக ஊற்றி அரை. 250 கிராமுக்கு மூன்று, நான்கு கரண்டிக்கு மேல் தேவைப்படாது. ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் கை அடக்கம் முக்கியம். பிள்ளைக்குக் கொஞ்சம்தானே என்று இரண்டு துண்டு கேரட்டை மட்டும் போட்டால் பிளேடுக்கே எட்டாது, ஓரத்தில் அப்பிக்கொண்டு கிடக்கும். எப்போதும் 200 கிராமுக்குக் குறையாமல் செய்து மீதியை உறைய வை. முதல் வாரம் அரைத்ததைச் சல்லடையில் ஒருமுறை தேய்த்து எடு. பிறகு அந்த வேலை வேண்டாம்.

மற்ற காய்கள் எல்லாவற்றையும் கேரட் போலவே நினைத்துவிடாதே. பூசணிக்கு இரண்டு சென்டிமீட்டர் துண்டானால் 10, 12 நிமிடம் போதும், தண்ணீரே வேண்டாம். அதுவே நீர் விடும். அரைக்கும் முன் வடிதட்டில் ஐந்து நிமிடம் வை. சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்தோ சுட்டோ உரித்து மசி. மெதுவாகச் சுடும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாற நேரம் கிடைப்பதால் இனிப்பு கூடும். இது ஆற ஆற இறுகும், எனவே இதற்கு மட்டும் தண்ணீர் தாராளமாகவே ஆகும். உருளைக்கிழங்கை மிக்ஸி பக்கமே கொண்டுபோகாதே. வேகமாகச் சுற்றும் பிளேடு மாவுச்சத்தை வெளியே இழுத்துவிடும். சவ்வு மாதிரி இழுபடும், பிள்ளையால் விழுங்க முடியாது. மத்தாலோ கரண்டியாலோ மசித்தால் போதும்.

பட்டாணி 5 முதல் 7 நிமிடத்தில் வெந்துவிடும். உறைய வைத்து விற்கும் பட்டாணியே போதும், சத்து ஒன்றும் குறைச்சல் இல்லை. வெந்த உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் பச்சை நிறம் மங்காது. அதன் தோல் எவ்வளவு அரைத்தாலும் மசியாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பட்டாணிக்குச் சல்லடை எப்போதும் வேண்டும். பீன்ஸுக்கு இரண்டு பக்கமும் நாரை உரி. காலிஃபிளவர், பிரக்கோலி இரண்டிலும் பூவை மட்டும் எடுத்து 8, 10 நிமிடம் வேகவை. தனியாகக் கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு வாயு பிடிக்கும். அப்படிப் பிடித்தால் மட்டும் உருளையோடு கலந்து கொடு.

கீரையும் பீட்ரூட்டும் தனி ரகம். இரண்டிலும் நைட்ரேட் அதிகம். சமைத்து வைத்திருக்கும்போது கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் அதிகமானால் சின்னக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எடுத்துச் செல்லும் திறன் குறையும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு எப்போதாவது கொஞ்சம் கொடுப்பதில் பயமில்லை. ஆனால் இரண்டையும் முதல் காயாக வைக்காதே. வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதித்து ஆறிய வேறு தண்ணீரில் அரை. அன்றன்றைக்குச் செய்து அன்றே முடி, மிச்சத்தை எடுத்து வைக்காதே. வயிற்றுப்போக்கு இருக்கிற நாளில் இரண்டும் வேண்டாம்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டாய். எதில் வேண்டுமானாலும் ஆரம்பி, ஆனால் இனிப்புக் காய்களாகவே அடுக்காதே. இனிப்பு பிள்ளைக்குப் பிறவியிலேயே பிடிக்கும், அதற்குப் பழக்கம் தேவையில்லை. பீன்ஸ், பிரக்கோலி போன்ற லேசான கசப்புள்ளவைதான் பழக வேண்டியவை. முதல் பத்து நாளுக்குள்ளேயே அவற்றையும் தனியாக, எதோடும் கலக்காமல் காட்டு. முகத்தைச் சுளித்தால் வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதே, புதுசு என்கிறாள். சில காய் எட்டு, பத்து முறை வாயில் பட்ட பிறகுதான் இறங்கும். ஒரு காய்க்கு ஒன்றிரண்டு நாள் விட்டு அடுத்ததைக் கொடுக்கலாம். காய்களால் ஒவ்வாமை வருவது அபூர்வம். முட்டை, வேர்க்கடலை மாதிரியானவற்றை மட்டும் தனித்தனி நாளில், கொஞ்சமாக, நன்றாக மசித்துக் கொடு. அவற்றை ஒரு வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்பது பழைய எண்ணம். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடவும் கூடும். பாப்பாவுக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடு.

முதல் நாள் ஒரு டீஸ்பூன், இரண்டு டீஸ்பூன் போதும். காலையில் நடுவேளையாகப் பார்த்துக் கொடு. ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பகல் முழுக்கக் கண்ணெதிரில் இருப்பாள். பசி தலைக்கேறி அழும்போது ஸ்பூனை நீட்டாதே. கொஞ்சம் பால் குடித்துச் சமாதானமாக இருக்கும் நேரம்தான் சரி. இரண்டு வாரத்தில் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி என்று ஏறும். எட்டு மாதத்துக்குள் அரைக் கப் வரை போகலாம். வாயை மூடித் தலையைத் திருப்பிவிட்டால் அன்றைக்கு முடிந்தது. மிச்சத்தை ஊட்டி முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பால்தான் இப்போதும் முக்கிய உணவு.

நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்டு. உவ்வே என்று குமட்டிச் சத்தம் போட்டால் பதறாதே, தொண்டை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. சத்தமே வராமல் முகம் சிவந்தோ நீலம் பாய்ந்தோ போனால்தான் ஆபத்து. அதற்கான முதலுதவியை நீயும் மருமகளும் இப்போதே ஒருமுறை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து விஷம் கக்கும். காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. ஆனால் எண்ணெயோ வெண்ணெயோ அரை டீஸ்பூன் சேர். 20 கலோரி கூடும், கேரட், பூசணியில் இருக்கும் வைட்டமின் ஏ சத்தை உடம்பு ஏற்பதற்கும் கொழுப்பு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காய் மசியல் ருசி பழக்கத்தான், அதை வைத்தே பிள்ளையை வளர்க்க முடியாது. ஏழாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று ஒரு கணக்கு. 100 கிராம் கேரட்டில் அரை மில்லிகிராம்கூட இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்தே குழைய வெந்த பருப்பு, மசித்த முட்டை, அரைத்த இறைச்சி என்று உங்கள் வீட்டுக்கு எது தோதோ அதைக் காயோடு சேர். பருப்போடு தக்காளியோ பிரக்கோலியோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும்.

எடுத்து வைப்பதில் கவனம் வேண்டும். அரைத்ததும் அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆற வை. ஆழமான டப்பாவில் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருந்து கெடும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மாதம். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வை. உங்கள் தட்டில் ஒரு குழி எத்தனை மில்லி என்று முதலிலேயே அளந்துகொள், பிறகு ஊட்டுகிற அளவு கணக்கு சுலபம். இறுகியதும் கட்டிகளை ஜிப் பைக்கு மாற்றி, காயின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டு. பூசணியும் சர்க்கரைவள்ளியும் நிறத்தில் ஏமாற்றும். உறைய வைப்பதற்குத் தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகவே வை. கேரட்டும் பூசணியும் உருகும்போது தானே நீர் விடும், அப்போது பார்த்து இளக்கிக்கொள்ளலாம். உருளையைத் தனியாக உறைய வைக்காதே, குருணையாகப் பிரிந்துவிடும்.

முந்தின இரவே கட்டிகளை ஃபிரிட்ஜுக்கு இறக்கு. சமையல் மேடையில் வைத்து உருக விடாதே. உருகியதை உள்ளேயும் ஆவி பறக்கும்வரை ஒருமுறை சுடவைத்து, வெதுவெதுப்பாக ஆற்றிக் கொடு. மைக்ரோவேவ் என்றால் அடிவரை கிளறிவிட்டு உன் மணிக்கட்டில் தொட்டுப் பார். மேலே ஆறியிருக்கும், நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். உருகியதை மறுபடி உறைய வைக்காதே.

ஊட்டுகிற அளவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஊட்டு. வாயில் போன ஸ்பூன் திரும்பத் திரும்ப உள்ளே வரும் கிண்ணத்தை அரை மணி கழித்துப் பார், கெட்டியாக இருந்த சர்க்கரைவள்ளி தண்ணீர் விட்டிருக்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற செரிமான நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடுகிறது. கூடவே வாயின் கிருமியும் வந்திருக்கும், அதனால் மிச்சத்தைக் கொட்டிவிடு. தாய்ப்பால் கலந்து இளக்கினாலும் இதே கதைதான், அதிலும் அமிலேஸ் உண்டு. ஊட்டுவதற்குச் சற்று முன்னால் கலந்தால் போதும்.

ஏழு மாதம் ஆனதும் மிக்ஸியை விட்டு முள்கரண்டிக்கு வா. எட்டில் சின்னச் சின்னத் துணுக்குகள் இருக்கட்டும், பல் முளைக்காவிட்டாலும் ஈறால் நசுக்குவாள். ஒன்பது மாதம் தாண்டியும் மை மாதிரியே அரைத்துக் கொடுத்தால் பிறகு கெட்டி உணவைக் கண்டாலே வாயைத் திறக்க மாட்டாள். கேரட் துண்டை மட்டும் பச்சையாகக் கையில் கொடுத்துவிடாதே, மூச்சுக்குழாயை அடைக்கும்.

கடைசியாக டயப்பர். கேரட்டோ பட்டாணித் தோலோ அப்படியே வெளியே வரும், அதில் தப்பில்லை. கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி மூன்றையும் வாரக்கணக்கில் நிறையக் கொடுத்தால் மூக்கு நுனியும் உள்ளங்கையும் மஞ்சள் பாரிக்கலாம். கண்ணின் வெள்ளையைப் பார்: அது வெள்ளையாகவே இருந்தால் காய் நிறம்தான், குறைத்தால் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டு. மலம் இறுகினால் கேரட்டைக் குறைத்துப் பட்டாணி, பீன்ஸைக் கூட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் கொடு. பீட்ரூட் கொடுக்கிற அன்று மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, மறுநாள் டயப்பர் சிவப்பாக இருக்கலாம்.

அன்புடன்,
அம்மா