டிரெஸ்ஸரய்யா மோட்டாருக்கு வரலாறு தேடித் தந்தவர்களுக்கு

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்களுக்கும் வெளியூரிலிருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

நம் ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸரய்யா ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளைச் சீர்செய்யும் வேலை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இன்ஜின் வேலையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. காசு கொடுத்தேன், நன்றாகச் செய்தார்கள், சரி. காசு வாங்காமல் அந்த வண்டியின் பூர்வீகத்தைத் தேடித் தந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பெயிண்ட் பட்டறைத் தம்பிக்கு. பெட்ரோல் டாங்கியை மணல் அடித்துச் சுத்தம் செய்தால் சீக்கிரம் முடிந்துபோகிற வேலை. “அவசரப்படாதீங்கண்ணே, அடியில என்ன இருக்குன்னு பார்த்துடலாம்” என்று சொல்லி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பூச்சுப் பூச்சாகத் தேய்த்தார். மேலே சிவப்பு, அப்புறம் கறுப்பு, அதற்கும் கீழே இராணுவப் பச்சை. பச்சையின்மேல் வெள்ளையில் ‘சி’ என்ற எழுத்தும் அதையடுத்து எண்களும் தெரிந்தன. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்களின் டாங்கியில் எழுதிவைத்த எண் அது. அவர் பொறுமை இல்லாமல் போயிருந்தால் எங்கள் தேடல் அன்றைக்கே பட்டறைத் தரையில் தூசியாகியிருக்கும்.

அந்த எண்ணையும், ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பொறித்திருந்த பிரேம் எண்ணையும் இங்கிலாந்தில் பழைய இராணுவ வண்டிகளை ஆராயும் பெரியவர் ஒருவருக்கு அனுப்பினேன். பர்மிங்காம் நகரத்து ஸ்மால் ஹீத் ஆலை யுத்தத்துக்காகச் செய்த எம்20 மட்டும் சுமார் 126,000. முன்பின் தெரியாத எனக்காக அவர் ஒப்பந்தப் பட்டியல்களைப் புரட்டி, இரண்டு எண்ணும் ஒரே ஒப்பந்தத்தில் வருவதாக எழுதினார். இன்ஜின் மட்டும் வேறு தொகுப்பு. இராணுவப் பட்டறைகளில் ஒரு வண்டியின் இன்ஜினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது சகஜம்தான். ‘ஒரிஜினல்’ இன்ஜின் தேடச் சொல்லும் நண்பர்கள் மன்னிக்கவும், இதுவும் அதன் வரலாறுதான், மாற்றப் போவதில்லை.

அதே கடிதத்தில், “கால் மிதியைப் பாருங்கள், ரப்பர் இருக்கிறதா?” என்று கேட்டிருந்தார். இல்லை. வெறும் இரும்பு. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் பிரிட்டனுக்கு ரப்பர் தட்டுப்பாடு வந்துவிட்டது. டயருக்கே திண்டாட்டம் என்பதால் கால் மிதியை வெறும் இரும்பாகவும் கைப்பிடியைக் கான்வாஸிலும் செய்து அனுப்பினார்களாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே பிழைத்த ஊருக்கு ரப்பரே இல்லாமல் ஒரு வண்டி வந்திருக்கிறது! பால்வெட்டுக்குப் போன என் அம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் விற்கும் ரப்பர் பிடியைப் போடாமல், பழைய படத்தைப் பார்த்துக் கான்வாஸில் கைப்பிடி தைத்துத் தந்த பேருந்து நிலையத்துச் செருப்புக்கடை அண்ணனுக்கும் நன்றி.

வண்டி தோட்டத்துக்கு வந்த கதைக்கு ஸ்டோர் கிராணி (குமாஸ்தா) குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலின்போது ஆபீஸ் புத்தகங்கள் எத்தனையோ குப்பைக்குப் போயின. அவர் மட்டும் ஸ்டோர் கணக்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பரணில் வைத்திருந்தார். மண்வெட்டி, பால் பிடிக்கும் மங்கு, பால்கத்தி வரிசைக்கு நடுவே ஒரே ஒரு வரி: இராணுவ ஏலத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று, டிரெஸ்ஸர் உபயோகத்துக்கு. 1948 ஜூன் 16இல் நம் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக்கொல்லப்பட்டு, பிரிட்டிஷார் அவசரகாலம் அறிவித்த கதையோடு இந்த வண்டியை முடிச்சுப் போட ஆசைப்பட்டவர்கள் பலர். அந்த வரி அதற்குச் சில வருடங்கள் பிந்தியது. ஜப்பான்காரன் விட்டுப்போன வண்டி என்று சாயாக்கடையில் அடித்துச் சொன்ன தாத்தாமாருக்கும் நன்றி. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்ததைச் சொன்னவர்களும் அவர்களேதான்.

ஈப்போவில் இருக்கும் டிரெஸ்ஸரய்யாவின் மகளை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் காட்டிய படத்தில் ஐயா வெள்ளைக் காற்சட்டையில் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் ஒரு மரப்பெட்டி. அவசரகாலத்தில் சோறும் மருந்தும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போகக் கூடாது என்பதால், தோட்டத்தின் ஒரு டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் கேட்டில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமாம். மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்களாம். “அப்பா எதுக்கும் கோபப்படமாட்டார், அதுக்கு மட்டும் கோபப்படுவார்” என்றார் அக்கா. படத்தை வைத்து அதே அளவில் பெட்டி செய்து தந்த தச்சு வேலை மாமா கூலி வாங்க மறுத்துவிட்டார். மாமா பிறந்தபோது பிரசவம் பார்த்தது ஐயாதானாம்.

டாங்கியில் அந்தப் பச்சையையும் எண்ணையும் ஒரு பக்கம் அப்படியே விட்டிருக்கிறோம். மறுபக்கம் ஐயா காலத்துக் கறுப்பு.

ஸ்டோர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் சாமான் வாங்கியவர்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பாட்டன் பூட்டன் பெயரைத் தேட வேண்டுமானால் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை