கடன் பிறகு, முதலில் நீ வா

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ். போன வாரம் சின்னம்மாவைப் பார்க்கத் தேவகோட்டைக்குப் போயிருந்தேன். சீட்டுப் பணம் பாக்கியோடு ஊரைவிட்டுப் போன நீ, யாருடைய கைபேசியிலிருந்தோ பேசினாயாம். “எல்லாருடைய சீட்டுப் பணத்தையும் கட்டி முடித்த பிறகுதான் ஊர் முகத்தில் விழிப்பேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். சின்னம்மா அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்கள். பிள்ளைக்கு மானம் இருக்கிறதே என்ற பெருமை. எனக்கோ அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அதே வார்த்தையை எனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொன்னபடி கட்டியும் முடித்தவன். உன் பெயரை எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உன்னைப் போலவே வெளியூர்களில் முகத்தை மறைத்துக்கொண்டு வாழும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

என் கதையை உனக்கு நான் முழுவதுமாகச் சொன்னதில்லை. காரைக்குடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அக்கா கல்யாணச் செலவுக்காகக் கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 42,000 ரூபாய் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அகப்பட்டுக்கொண்டேன். முதலாளி போலீசுக்குப் போகவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மாதம் 1,500 ரூபாய் கட்டச் சொன்னார். ஆனால் அன்று அவர் கணக்கு நோட்டை என் பக்கமாகத் திருப்பி, என் கையெழுத்தில் இருந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்து, ஒரு சொல்லும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நாணயம் என்ற ஒரே சொல்லைத்தானே காசுக்கும் சொல்கிறோம், நேர்மைக்கும் சொல்கிறோம்? கொண்டுவிற்கக் கடல் கடந்து போனவர்கள் கட்டிய ஊர்கள் நம்முடையவை. இங்கே நாணயம் கெட்டவன் என்று பெயரெடுத்தவன் உயிரோடு இருந்தும் இல்லாதவன்தான்.

பிறகு ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறையில் சேர்ந்தேன். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் பரப்பி மட்டம் தட்ட வேண்டும். பூ உள்ள முகம் கண்ணாடியை ஒட்டிக் கீழே கிடக்கும். வேலை செய்கிறவனுக்குத் தெரிவது கல்லின் முதுகு மட்டுமே. தொட்டித் தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடி விடுகிற அன்றுதான் முகத்தைப் பார்க்கலாம். நாள் முழுவதும் குனிந்தே செய்கிற அந்த வேலை, யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை என்பதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

28 மாதங்களில் கடன் முடிந்தது. கடைசித் தவணையைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, பழைய வழக்கப்படியே பின்சந்து வழியாகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கோவிலில் திருப்பலிப் பூசைக்குப் போனாலும் கடைசித் தூணோரம் நின்று, நற்கருணை அப்பம் வாங்காமல், இறுதி ஆசீருக்கு முன்பே வெளியேறிக்கொண்டிருந்தேன். கடன் தீர்ந்த பிறகும் இதே நிலைமை, தம்பி. நீ காத்திருக்கும் அந்த நாளில் நான் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் அம்மா வற்புறுத்தி ஓரியூர்த் திருத்தலத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வயதான ஒரு சாமியாரிடம் நான்காவது முறையாக அதே பாவத்தைச் சொன்னேன். “பணத்தைக் கட்டிவிட்டாயா?” என்றார். கட்டிவிட்டேன் என்றேன். “முன்பே இதைச் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கினாயா?” வாங்கினேன் என்றேன். “அப்புறம் என்னப்பா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, “யூதாசும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவன்தான்” என்றார்.

இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசின் கதையை, மத்தேயு நற்செய்தியில் எத்தனை தவக்காலங்களில் கேட்டிருக்கிறோம்! அந்த 30 வெள்ளிக்காசையும் கோவிலில் எறிந்துவிட்டு, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அவன் போய் நான்றுகொண்டான். கணக்குப்படி பார்த்தால் அவன் பாக்கி ஏதும் வைக்கவில்லை. அவனால் முடியாமல் போனது ஒன்றே ஒன்று: ஆண்டவரின் முகத்தில் விழிப்பது. இன்னொரு சீடரான பேதுரு பணம் ஒன்றும் வாங்கவில்லை என்றாலும், கரி நெருப்பின் அருகே நின்று ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர். ஆனால் அவர் அழுதபடியே மற்றவர்களோடு இருந்துவிட்டார். பிறகு கடற்கரையில் மறுபடியும் ஒரு கரி நெருப்பின் அருகே, உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவின் முகத்தைப் பார்த்து மூன்று முறை கேட்டார், என்னை நேசிக்கிறாயா என்று.

சக்கேயுவை நினைத்துப் பார். எரிகோவில் வரி வசூலித்து, ஊர்ப் பணத்தில் கொழுத்தவன் என்று பெயரெடுத்தவன். குள்ளமானவன் என்பதால் மரத்தில் ஏறினான் என்கிறது லூக்கா நற்செய்தி. கூட்டத்தின் கண்ணில் படாமல் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் அவன் எண்ணியிருப்பான் என்பது என் எண்ணம். ஏறியது அத்திமரம். ஆதாமும் ஏவாளும் வெட்கப்பட்டு முதன்முதலில் தைத்துக் கட்டிக்கொண்டதும் அத்தியிலைதான். ஆண்டவர் அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கிறார். இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். பணத்தைக் கட்டிவிட்டு என்னை விருந்துக்குக் கூப்பிடு என்று சொல்லவில்லை. ஊர் முணுமுணுக்க முணுமுணுக்க, அவன் வீட்டு வாசற்படியை மிதிக்கிறார். அதற்குப் பிறகுதான் சக்கேயு எழுந்து நின்று, ஏமாற்றிய பணத்தை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். யூதாசு முகத்தைத் தேடாமல் பணத்தைத் திருப்பினான், செத்தான். சக்கேயு முகத்தைப் பார்த்த பிறகு பணத்தைத் திருப்பினான், மகிழ்ச்சியோடு கொடுத்தான். நீ இந்த வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறாய், தம்பி. நானும் மாற்றித்தான் போட்டேன்.

ஓரியூர் மண்ணிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1647இல் லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசருக்கு ஏவலராக வளர்ந்த அருளானந்தர் என்ற குரு, அந்தப் பெருமையையெல்லாம் விட்டு வேதம் போதிக்க நம் மறவர் சீமைக்கு வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலையை வெட்டி, கைகால்களைத் துண்டித்து, உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். உயிரை எடுத்தது போதாமல் மானத்தையும் எடுக்கச் செய்தது அது. அந்த இடத்துச் செம்மண்ணைத்தான் சனங்கள் இன்று பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவருடைய ஆண்டவருக்கும் அப்படித்தான் செய்தார்கள். நம் சிலுவைச் சுரூபங்களில் அவரை இடுப்புத் துணியோடு காட்டுகிறோம். உரோமையர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஆடையை உரித்துவிட்டு, போவோர் வருவோர் பார்க்கும்படியாகத்தான் சிலுவையில் அறைந்தார்கள். நம் பாவத்தை மட்டுமல்ல, வெட்கத்தையும் அவர் உடம்பிலேயே சுமந்தார். உன் இடத்துக்கு அவர் உனக்கு முன்பே வந்து நின்றிருக்கிறார்.

மயிர் நீப்பின் வாழாக் கவரிமா என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வள்ளுவரை நான் மறுக்கவில்லை. தவறு செய்யுமுன் தடுக்கும் மானம் வேறு, செய்த பிறகு இரவில் வந்து கழுத்தை நெரிக்கும் வெட்கம் வேறு. அந்த இரண்டாவது குரல் செத்துப்போ என்று சொன்னால் அது ஆண்டவருடைய குரல் அல்ல. உடனே எனக்குப் பேசு, அல்லது 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குப் பேசு. எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

ஓரியூரிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த இரும்புக் கடைத் தெருவில் நேராக நடந்தேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. கும்பிட்டேன். கால் நடுங்கியது, ஆனால் தலை குனியவில்லை.

சீட்டுக்காரர்கள் சிலர் கத்துவார்கள். அவர்கள் பணம், அவர்கள் கத்தட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் உன்னோடு வருகிறேன். யார் யாருக்கு எவ்வளவு என்று சின்னம்மா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தொகைகளை நீதான் சரிபார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவு திருப்பூரில் பேருந்து ஏறு. விடியற்காலையில் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். முதலில் பூசைக்குப் போவோம், பிறகு சின்னம்மா கையால் சாப்பிடுவோம், அதன்பிறகு நோட்டை எடுப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்