ஆயிரம் ட்ராக் டெம்ப்ளேட்டை ஏன் நிறுத்தினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இசை வேலைக்கென்று எங்களிடம் கணினி வாங்குகிறவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "முந்தி ஆயிரம் ட்ராக் போட்ட ஓகெஸ்ட்ரா டெம்ப்ளேட் தந்தீங்க. இப்ப திறந்தா எழுபதுதான் ஓடுது. மிச்சம் எங்க?" டெம்ப்ளேட் என்பது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ட்ராக் ஒதுக்கி, முன்கூட்டியே அமைத்துத் தரும் கோப்பு. கல்முனையிலிருந்து ஒரு தம்பி, நாங்கள் வேலையைக் குறைத்துக் காசு பார்க்கிறோம் என்றே சொல்லிவிட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எல்லா வேடமும் ஒரே நேரத்தில் களரியில் வந்து நிற்பதில்லை. உடுப்புக் கட்டி, முகம் எழுதி, உள்ளே ஆயத்தமாக இருக்கும். வரவுப் பாட்டு எடுத்ததும்தான் வெளியே வரும். எங்கள் பழைய டெம்ப்ளேட்டில் அரசன் முதல் கட்டியகாரன் வரை எல்லோரையும் முதல் நிமிடத்திலேயே களரியில் ஏற்றி வைத்திருந்தோம்.

அது எங்கள் பிழை. 2022இல் கரண்ட் அடிக்கடி போன காலத்தில்தான் உறைத்தது. எங்கள் கடைக் கணினியிலேயே அந்த டெம்ப்ளேட் திறக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். யூபிஎஸ் தாக்குப் பிடிப்பது பத்து நிமிடம். கணக்கை நீங்களே பாருங்கள். ஒரு கரோல் பாட்டுக்கு ஸ்ட்ரிங்ஸ் (வயலின் போன்ற நரம்புக் கருவிகள்) சேர்த்துத் தருவதாகச் சொல்லி, அன்று பின்னேரம் முழுவதும் அந்தக் கோப்பைத் திறந்துகொண்டேதான் இருந்தோம்.

ஏன் அவ்வளவு நேரம்? கொன்டாக்ட் போன்ற சாம்ப்ளர்கள், அதாவது உண்மைக் கருவிகளின் பதிவுகளை வாசிக்கும் மென்பொருள்கள், ஒவ்வொரு சுரப் பதிவின் தொடக்கத் துண்டையும் ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) ஏற்றி வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும்போது எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கும். ஒரு வயலின் குழுவுக்கே நீள வில், குறு வில், பிட்சிகாட்டோ, ட்ரெமொலோ என்று பல வாசிப்பு முறைகள். ஒவ்வொன்றிலும் மெதுவாக, பலமாக என்று பல அடுக்குகள். கிட்டத்து மைக், தூரத்து மைக் என்று இன்னொரு பெருக்கல். நீங்கள் ஒரு சுரமும் தொடாமலே ராம் நிரம்பிவிடும்.

இப்போது கருவிகள் எல்லாம் டெம்ப்ளேட்டில் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை உறங்குகின்றன. இசை அமைக்கும் மென்பொருள்களில், கியூபேஸில் ட்ராக்கை டிசேபிள் செய்து வைத்திருக்கிறோம், ரீப்பரில் கருவியின் ப்ளகினை ஆஃப்லைன் ஆக்கியிருக்கிறோம். இரண்டிலும் ராம் விடுபட்டுவிடும். பெயர், நிறம், ரூட்டிங் (ஒலி போகும் வழி) எல்லாம் அப்படியே இருக்கும். கொன்ட்ராபஸூன் என்ற அடிக்குரல் ஊதுகருவி வேண்டுமென்றால் அந்த ஒன்றை மட்டும் எழுப்புங்கள். மைக்கும் ஒன்றுதான் திறந்திருக்கும். மற்றவற்றை மிக்ஸ் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுக்கும் முறையை மாற்றவில்லை. இசைத்தாளில் உள்ளதுபோல மேலே புல்லாங்குழல் வகை, பிறகு பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்), தாளக் கருவிகள், கீழே ஸ்ட்ரிங்ஸ். அகர வரிசையில் போட்டுத் தாருங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். தருவோம், ஆனால் எங்களுக்கு அதில் விருப்பமில்லை. தேடுவது கொஞ்சம் சுலபமாகும், கருவிக் குடும்பம் கலைந்துபோகும்.

சரி, ஒரு டெம்ப்ளேட் செய்து தர நாங்கள் எடுக்கும் மூன்று நாள் எதற்கு? அதிக நேரம் போவது தாமதத்தைச் சரிசெய்வதில்தான். சுரங்களை இடைவெளியில்லாமல் இணைத்து வாசிக்கும் லெகாட்டோவில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஓசையும் பதிவாகியிருக்கும். அதனால் நீங்கள் கட்டையை அழுத்திய பிறகுதான் சுரம் வந்து சேரும். சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ் என்ற லைப்ரரியில் (கருவிப் பதிவுகளின் தொகுப்பில்) மெதுவான லெகாட்டோவுக்கு 333 மில்லிசெக்கன், வேகமானதற்கு 100, குறுகிய சுரங்களுக்கு 60. இவையெல்லாவற்றையும் ஒரே ட்ராக்கில் கீஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றும் கட்டை) வைத்து வாசித்துவிட்டு கிரிட்டில் (தாளக் கோடுகளில்) நேர்ப்படுத்தினால், தாளம் நொண்டும். ஆகவே நீள வாசிப்புக்கு ஒரு ட்ராக், குறு வாசிப்புக்கு ஒரு ட்ராக் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நெகட்டிவ் டிலே (ட்ராக்கை அவ்வளவு முன்னதாகவே வாசிக்கவிடும் அமைப்பு) போட்டிருக்கிறோம். இந்த எண்கள் லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். பிறர் தந்த எண்ணை அப்படியே போடாமல், மெட்ரோனோமுடன் காதால் கேட்டே சரிபார்க்கிறோம். அந்த எண்களை மாற்ற வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறோம்.

அடுத்தது சத்தத்தின் அளவு. தனிப் புல்லாங்குழலும் நான்கு ஹோர்னும் சேர்ந்த குழுவும் ஒரே அளவு சத்தத்தில் திறக்கிற லைப்ரரிகள் உண்டு. உண்மையில் புல்லாங்குழலின் கீழ்ச் சுரங்கள் மெல்லியவை, ஹோர்ன் பலமாக ஊதினால் அது கேட்கவே கேட்காது. அந்த இயல்புக்கு ஏற்றபடி ஃபேடர்களை (ஒவ்வொரு ட்ராக்கின் ஒலி அளவை) வைத்திருக்கிறோம். வயலின் இடது பக்கம்தான் கேட்கிறது என்று பான் செய்து வேறு பக்கம் தள்ளிவிடாதீர்கள். பல லைப்ரரிகளில் கலைஞர்கள் தங்கள் இருக்கையில் இருந்தபடியே பதிவு செய்திருக்கிறார்கள்.

தொலைபேசியில் அதிகம் வரும் முறைப்பாடு, "கீஸ்விட்ச் வேலை செய்யுதில்லை" என்பது. பெரும்பாலும் வேலை செய்யும், ஒரு ஒக்டேவ் தள்ளிப் பாருங்கள். மிடியில் (சுரங்களை எண்களாகக் கணினிக்குச் சொல்லும் முறையில்) 60ஆம் எண் சுரத்தை கியூபேஸ் சி3 என்கிறது, ரீப்பர் சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்கிறது. ஒரே கட்டைக்கு மூன்று பெயர்.

லைப்ரரி வாங்கப் பணமில்லை என்றால் ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பனி ஓகெஸ்ட்ரா டிஸ்கவர் பதிப்பு இலவசம், ஏறத்தாழ 200 எம்பிதான். அதே இசைக்குழுவின் புரொஃபெஷனல் பதிப்பு 600 ஜிபி அளவு. படிக்கிற பிள்ளைகளுக்குச் சின்னதே தாராளம். களவுப் பிரதிகளை நாங்கள் ஏற்றித் தருவதில்லை, அதைக் கேட்க வேண்டாம்.

கூத்தில் வரும் மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் நாங்கள் லைப்ரரி எதுவும் போடவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார்கள் ஊருக்குள்ளேயே இருக்கும்போது சாம்பிள் எதற்கு? டெம்ப்ளேட்டின் அடியில் "களரி" என்ற பெயரில் நான்கு ஆடியோ ட்ராக்குகளை வெறுமையாக வைத்திருக்கிறோம். மைக்கைச் செருகிப் பதிவு செய்யுங்கள். ஒன்று மட்டும்: கூத்து மத்தளம் மெட்ரோனோமுக்குள் நிற்காது. அதை முதலில் பதிந்துவிட்டு, டெம்போ ட்ராக்கை அதன் பின்னால் போகவிடுங்கள்.

குறும்படம் செய்கிறவர்களுக்காக 48 கிலோஹேர்ட்ஸில் அமைத்து, ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், வுட்விண்ட்ஸ், தாளம், குரல், களரி என்று ஆறு ஸ்டெம்களாக (தனித்தனி ஒலிக் கோப்புகளாக) வெளியே எடுக்கும்படி செய்திருக்கிறோம். வசனம் வரும் இடத்தில் பிராஸை மட்டும் குறை என்று எடிட்டர் கேட்டால் நீங்கள் திரும்ப மிக்ஸ் செய்யத் தேவையில்லை.

பழைய டெம்ப்ளேட் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம். பழையதை அழிக்க வேண்டாம், உங்கள் பழைய பாட்டுகள் அதில்தான் திறக்கும். கணினியோடு லைப்ரரி இருக்கும் எக்ஸ்டர்னல் டிரைவையும் கட்டாயம் கொண்டு வாருங்கள். வேறு டிரைவ்களோடு மாற்றி மாற்றிச் செருகும்போது விண்டோஸ் அந்த டிரைவின் அடையாள எழுத்தை மாற்றிவிடுகிறது, உடனே "சாம்பிளைக் காணோம்" என்று நிற்கிறது. ஒரு நிலையான எழுத்தைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும், ஐந்து நிமிட வேலை. போன மாதம் ஒருவர் அக்கரைப்பற்றிலிருந்து கணினியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். டிரைவ் வீட்டு மேசையில் இருந்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்புவதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்புடன்,
கல்லடிக் கடையிலிருந்து